முதல் வீட்டில் மூன்று அங்குலம்

நாள் 203. காலை 08:40
கோளாறு: கோப்பு திறக்கவில்லை.

இதைப் படிக்கிறவர், எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்கார வந்தவராகத்தான் இருக்க வேண்டும். என் பெயர் தெய்வானை. பெருந்துறையில் பதினாறு வருஷம் வீட்டுப் படம் போட்டேன். இப்போது செவ்வாயில் போடுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் சென்னியப்பன், கட்டுமானம் அவர் பொறுப்பு. ஈஸ்வரமூர்த்தி உலோகம் வெட்டுகிறவர், என்னை அக்கா என்பார். இறங்கிய கலத்தையே வீடாக்கிக் குடியிருக்கிறோம். இதைக் கூண்டு என்போம்.

இங்கே கட்டப்போகும் முதல் வீட்டின் படம் இன்று காலை திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. தீர்வு: பதற வேண்டாம். மென்பொருள் பத்து நிமிஷத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறது. அந்த நகலின் பெயரை மாற்றித் திறங்கள். எனக்குப் போனது ஒரு ஜன்னலும் ஒரு அலமாரியும்தான். இங்கே ஜன்னலுக்கு வெளியே பார்க்கவும் ஒன்றுமில்லை.

நாள் 204. காலை 10:15
கோளாறு: அளவுகள் தானாக மில்லிமீட்டருக்கு மாறுகின்றன.

ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் இந்தச் சனியன் இதைச் செய்யும். சுவர் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு மில்லிமீட்டர்தான் புரியும். சென்னியப்பனுக்கு அடிதான் புரியும். நடுவில் நான். போன மாதம் மாற்ற மறந்து அனுப்பியதில், மாதிரிக் கதவு ஒன்று தீப்பெட்டி உயரத்துக்கு அச்சாகி வந்தது. ஈஸ்வரமூர்த்தி அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனிடம் காட்டுகிறார். இங்கே வருவதும் போவதும் நாங்கள் மூன்று பேர்தான்.

தீர்வு: படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக அலகைப் பாருங்கள். பல் விளக்குவது போலப் பழகிவிடும்.

நாள் 206. பகல் 12:30
கோளாறு: சுவர் நகரவில்லை.

படத்தில் சுவர்கள் உள்ள அடுக்கு பூட்டப்பட்டிருக்கிறது. காற்றழுத்தம் தாங்குமா என்று பூமியில் கணக்குப் பார்த்துப் பூட்டி அனுப்பினார்கள். நம்மால் திறக்க முடியாது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். வண்டியில் கட்டுமிடத்துக்குப் போய் அளவுக் குச்சி நட்டுக்கொண்டே வானொலியில் வந்தார், ராத்திரி திரும்பிவிடுவார்.

"ஏ புள்ள, கூடத்து அகலம் பதினொண்ணே காலடின்னு போட்டிருக்கறயே, அதென்ன கணக்கு? முழு அடியா நிக்கோணும். பதினொண்ணு போடு."

"சொவர நகத்த முடியாதுங்க. பூட்டி வெச்சிருக்காங்க."

"செவ்வாயா இருந்தா என்ன, சனியா இருந்தா என்ன, மனையடி மனையடிதான். குடிபோற வீடு புள்ள. பதினொண்ணு போடு."

தீர்வு: இது பெருந்துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழி. அளவுக்கோட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் எண்ணைக் கையால் மாற்றலாம். பதினோரடி என்று அடித்துவிட்டேன். சுவர் இருந்த இடத்தில் இருக்கிறது, அவருக்குத் தாளில் பதினொன்று கிடைத்தாயிற்று. பூசிய சுவரில் யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை. ஊரில் இப்படி எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு வீடும் விழவில்லை.

நாள் 207. மாலை 16:05
கோளாறு இல்லை. சரிபார்ப்புக் கருவி பற்றி ஒரு குறிப்பு.

படத்தில் நாற்பத்து மூன்று அளவுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம் வரும். சரிபார்க்கிறவர் அதைத் தொட்டு 'சரி' போட வேண்டும். சுவர் எழுந்ததும் டேப்பில் அளந்ததை எழுதவும், டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் பெயரைப் போடவும் இடம் உண்டு. சென்னியப்பன் சுவர் எழும் முன்பே எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிட்டார், ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். டேப்புக்கான இடம் முழுக்கக் காலி. கேட்டால், "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். திரையில் 'மிச்சம் 0' என்று வந்துவிட்டது.

ஈஸ்வரமூர்த்தி தாளைப் பார்த்துக் கதவுப் பலகையை வெட்டிவிட்டார். கூடத்தைக் குறுக்கே அடைக்கும் ஒரே தகடு, நடுவில் கதவு. கலத்தின் வயிற்றிலிருந்து எடுத்தது. அதுபோல இன்னொன்று கிடையாது. அது பொருந்தி அடைத்தால்தான் வீட்டுக்குள் காற்று நிற்கும்.

கூண்டின் காற்று இயந்திரம் தேய்ந்துவிட்டது. இனி ஒருவருக்குத்தான் தாங்கும். நாளை அவர்கள் இருவரும் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கூடாரம் போட்டு வீட்டைக் கட்டுவார்கள். வீடு நின்றதும் நான் போக வேண்டும். பால் காய்ச்ச என்று பால் பவுடர் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் 214. மாலை 17:20
கோளாறு: நிழல் போட்டுப் பார்த்தால் திரை உறைகிறது.

தீர்வு: நிழல் வேண்டாம். சுவர்கள் முடிந்தன. மேல்மூடியும் முடிந்தது. ஒரு பீப்பாய்க் கலவை மிச்சம் இருக்கிறது. நாளை மதியம் பலகையை நிறுத்துவதாகத் திட்டம். புழுதிப் புயல் ஒன்று மேற்கிலிருந்து வருகிறது. ராத்திரிக்குத்தான் வந்து சேரும் என்று கருவி சொல்கிறது.

நாள் 215. காலை 09:35
புயல் முந்திக்கொண்டது. கூடாரம் கிழிந்துவிட்டது. இருவரும் காற்று உடையில் இருக்கிறார்கள். உடையில் எட்டு மணி நேரக் காற்று, உடம்பை வருத்தினால் இன்னும் சீக்கிரம் தீரும். வண்டி புழுதியில் நகராது. வீட்டுக்குள் காற்றுத் தொட்டிகள் நிறைந்திருக்கின்றன, அதை உடையில் ஏற்றத்தான் வழியில்லை. பலகையை அடைத்துத் தொட்டியைத் திறந்தால் போதும். பதற ஒன்றுமில்லை.

நாள் 215. 10:10
ஈஸ்வரமூர்த்தி:

"அக்கா, பலகைய நிறுத்திப் பாத்தமுங்க. ஒரு பக்கம் ஒட்டுனா இன்னொரு பக்கம் மூணு அங்குலம் சந்து நிக்குது. கையே போகுதுங்க."

சென்னியப்பன்:

"நீ போட்டதும் பதினொண்ணு, பலகையும் பதினொண்ணு. அப்புறம் எங்க புள்ள போச்சு மூணு அங்குலம்?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மிஷின் தள்ளிப் போட்டிருக்குமுங்க. அதை ஒருக்கா சரி பாருங்க."

நாள் 215. 10:25
இயந்திரத்தைச் சரிபார்க்க ஒரு சோதனைச் சுவர் அச்சடிக்கப் போகிறார்களாம். கலவை ஒரே ஒரு பீப்பாய்தான். அதைச் சந்தில் அச்சடித்தால் மூன்று அங்குலமும் அடையும். எனக்குத் தெரியும். பேசும் பொத்தான் மேல் விரல் இருந்தது. பதினாறு வருஷத்தில் என் படம் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. பொத்தானை அழுத்தவில்லை.

நாள் 215. 13:05
"மிஷின் சுத்தமா இருக்குது புள்ள. நூல் பிசகல. கலவையும் தீந்து போச்சு. இனி என்ன பண்றது, சொல்லு."

சொன்னேன்.

"மாமா, மிஷின் மேல தப்பில்லீங்க. சொவரு பதினொண்ணே காலடிதான். நீங்க கேட்டீங்கன்னு எண்ண மட்டும் மாத்தி அடிச்சுப் போட்டேன்."

அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அட, அதைக் காலைலயே சொல்லியிருக்கலாமில்ல."

திட்டியிருந்தால் தேவலை.

நாள் 215. 13:50
சந்தில் கூடாரத் துணியைச் சுருட்டி அடைத்தார்கள். தொட்டியைத் திறந்ததும் காற்று துணியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டது. இரண்டாம் முறை ஈஸ்வரமூர்த்தி கூடாரத்து மேஜையை உடைத்துச் செருகிப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. தொட்டிகள் காலி. உடையில் இருப்பதுதான் மிச்சம்.

நாள் 215. 14:08
"செரி, விடு. பதினொண்ணு வேணும்னு அடம் புடிச்சது நாந்தானே. பூமிக்கு எழுதறப்ப மிஷின் தப்புன்னே எழுதிக்க புள்ள. உம்பேரு கெடவேண்டாம். நீ சாப்"

இத்துடன் தொடர்பு அறுந்தது. அங்கே நட்டிருந்த வானொலிக் கோபுரம் சாய்ந்திருக்க வேண்டும்.

நாள் 216. காலை 08:40
கோளாறு: சுட்டி நகர்கிறது, எதையும் தொடவில்லை.
தீர்வு: விசைப்பலகையின் மூலையில் இருக்கும் விலக்கு விசையை இரண்டு முறை அழுத்தவும்.

கஞ்சி குடித்தேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. உடைகளில் காற்று நேற்று மாலை ஐந்தரைக்கு முடிந்திருக்கும்.

நாள் 217. காலை 08:40
கோளாறு: தேவையற்ற கோடுகளால் கோப்பு கனக்கிறது.
தீர்வு: துப்புரவுக் கட்டளை. 312 உருப்படிகள் நீக்கப்பட்டன. பயன்படாத கதவுகள், நாற்காலிகள், ஒரு ஊஞ்சல். ஊஞ்சல் நான் போட்டதில்லை. அவர் போட்டிருப்பார்.

காற்று இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஒருவருக்குத் தாராளம்.

நாள் 219. காலை 08:40
பூமிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'இயந்திரப் பிழை' என்று இரண்டு சொல் அடித்து, அதைப் பார்த்துக்கொண்டே மதியம் வரை இருந்தேன். பிறகு அழித்தேன். இந்தக் குறிப்பேட்டை அப்படியே அனுப்புகிறேன். நாள் 206-இல் நான் சொன்ன தீர்வை யாரும் செய்யாதீர்கள். எண்ணை மாற்றினால் சுவர் நகராது. அளவு தப்பாகத் தெரிந்தால் சுவரை மாற்றுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று தெரிகிறது. உடம்பு மரக்கட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாள் 220. காலை 08:40
கோளாறு இல்லை.

நாள் 222. காலை 11:15
புயல் அடங்கிவிட்டது. கட்டுமிடத்தில் அவர் படம் பார்க்க வைத்திருந்த கருவிக்கு வெயில் பட்டு உயிர் வந்திருக்கிறது. சாய்ந்து கிடந்தாலும் கோபுரம் எழுத்தை மட்டும் அனுப்புகிறது. மென்பொருள் கேட்டது: வேறொரு இடத்தில் மாற்றிய படம் வந்திருக்கிறது, சேர்க்கவா?

குறிப்பு: இப்படிக் கேட்டால் 'ஆம்' போடுவதற்கு முன் உங்கள் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

சென்னியப்பன் தன்னுடைய பழைய நாற்பத்து மூன்று 'சரி'யையும் அழித்துவிட்டிருக்கிறார். முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். நாள் 215, 14:22.

கூடம், அகலம். டேப்பில் 11 அடி 3 அங்குலம். மறுமுனை பிடித்தவர் ஈஸ்வரமூர்த்தி. நான் அடித்த எண்ணை நீக்கிவிட்டு உண்மை எண்ணை வரவைத்திருக்கிறார். இது அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

கூடம், நீளம். சரி. 14:25.
படுக்கையறை, அகலம். சரி. 14:28.

இப்படியே போகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். ஜன்னல் உயரம், படி அகலம், அலமாரி ஆழம், எதையும் விடவில்லை. அடுத்த வீட்டையும் இந்தப் படத்தை வைத்துத்தான் கட்டுவார்கள். முப்பத்தொன்றாவது அளவு வரைக்கும் மறுமுனை பிடித்தவர் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த இடம் காலி. அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிஷம், ஒன்பது நிமிஷம் ஆகியிருக்கிறது. ஒருவரே டேப்பைக் கல் வைத்து நிறுத்திவிட்டு மறுமுனைக்கு நடந்தால் அவ்வளவு ஆகும்.

நாற்பத்தொன்று, சமையலறை மேடை, நீளம். சரி. 17:04.
நாற்பத்திரண்டு, சமையலறை மேடை, உயரம். சரி. 17:23.

அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். நான் குள்ளம் என்று கேலி செய்கிறவர், மேடையை என் உயரத்துக்குத்தான் வைத்திருக்கிறாரா என்று பார்த்திருப்பார் போல. குறிப்பு இவ்வளவுதான்:

"மத்ததெல்லாம் சரியா இருக்குது புள்ள."

நாள் 222. 11:40
இப்போது வருகிறது. எழுத முடியவில்லை. எழுத்து தெரிய

நாள் 222. 15:10
படத்தைச் சேமித்துவிட்டேன். கூடத்து அகலம் பதினொன்றே காலடி. அடுத்த பலகையை அந்த அளவுக்கு வெட்டவும். ஊஞ்சலைத் திரும்ப வரைந்து கூடத்தில் வைத்திருக்கிறேன், அதை யாரும் துப்புரவு செய்ய வேண்டாம்.

நாற்பத்து மூன்றாவது அளவு, பாத்திரம் கழுவும் தொட்டியின் உயரம். 'சரி' இல்லை. டேப்புக்கான இடத்தில் '2' என்று மட்டும் இருக்கிறது. அடி போடவில்லை.

திரையின் மூலையில்:

வரைந்தவர்: தெய்வானை.
சரிபார்த்தவர்: சென்னியப்பன்.
மிச்சம் 1.