நாற்பத்துநான்கு ‘பாப்பம்’

2007 ஜனவரி 15, திங்கள்

இந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் மதிய இடைவேளையில் மேசையில் வைத்தே எழுதுகிறேன். எட்டிப் பார்ப்பவர்கள் “என்ன அழகான எழுத்து!” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இன்று லாபுவான் தூவா என்ற ஊரின் படிவங்கள் வந்தன. அறுபத்தொரு வீடு, அறுபத்தொரு படிவம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், கிழக்குக் கரையில், கடலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய வீடுகள். இரண்டு வருடத்துக்கு முன் படிப்புக்காக மூன்று மாதம் அங்கே இருந்தேன். என்னை இங்கே வேலைக்கு எடுத்ததும் அதற்காகத்தான். கரை அரிக்கிறதாம். ஊரை நான்கு கிலோமீற்றர் உள்ளே, மேட்டுக்கு மாற்ற வேண்டுமாம். ஜெர்மனியில், ஹனோவரில் இருந்து நாங்கள் அறிக்கை எழுதுவோம். நிதி தருகிறவர்கள் மார்ச்சில் கையெழுத்து வைப்பார்கள்.

ஒரு படிவத்தின் அடியில் இபு ஹஸ்னாவின் கைநாட்டு. அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். ‘இபு’ என்றால் அம்மா. அந்தப் பெருவிரலைப் பார்த்ததும் வேலை ஓடவில்லை.

ஜனவரி 16

பதினான்காவது கேள்வி: இடம் மாறச் சம்மதமா? ஆம், இல்லை என்று இரண்டே இரண்டு பெட்டி. பன்னிரண்டு வீடு ஆம். ஐந்து வீடு இல்லை. மிச்ச நாற்பத்துநான்கு படிவத்திலும் பெட்டிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஓரத்தில் பேனையால் எழுதியிருக்கிறது: ‘லிஹாத் நாந்தி.’

எங்கள் அறிக்கையில் அது எப்படி வந்திருக்கிறது? ‘ஆம், பின்னர்’ என்று! தொண்ணூற்றிரண்டு வீதம் சம்மதமாம்.

லிஹாத் நாந்தி என்றால் ‘பிறகு பார்ப்போம்’. எங்கட ‘பாப்பம்’! அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரம், நாளைக்குப் பட்டினத்துக்குப் படகு உண்டா என்று கேட்டேன். லிஹாத் நாந்தி என்றார்கள். நானும் பையைக் கட்டிக்கொண்டு மத்தியானம் வரை இறங்குதுறையில் குந்தியிருந்தேன். ஊரே பார்த்துச் சிரித்தது. கேட்டவரின் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்பது அங்கே மரியாதை இல்லை. மன்னாரில் பிறந்தவள் இதை அங்கே போய்த்தானா படிக்க வேண்டும்?

ஜனவரி 18, வியாழன்

புயல். நாடு முழுக்க ரயிலை நிறுத்திவிட்டார்கள். மரங்கள் முறிந்து வீதியில் கிடக்கின்றன. ஹனோவரை நான்கு கிலோமீற்றர் தள்ளிவைக்கலாம் என்று இதுவரை ஒருவரும் அறிக்கை எழுதவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் தம்பித்துரை அண்ணையின் தொலைபேசி. கலைவிழா நாடகத்தில் அப்பா நடிக்க வேண்டுமாம். “பாப்பம் அண்ணை, பாப்பம்” என்றார் அப்பா. வைத்ததும் அம்மா கேட்டார்: “மாட்டன் எண்டதை அந்த மனிசன் விளங்கிக்கொண்டுதோ?”

“விளங்காமல் என்ன? இப்ப வேற ஆளுக்கு அடிச்சுக்கொண்டிருப்பார்.”

அப்பாவிடம் படிவக் கதையைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “சண்டை நேரம் மன்னாரிலை எங்களைக் கடற்கரையாலை எழுப்பேக்கை ஒருத்தரும் கேக்கேல்லை, பிறின்சி. இவங்கள் கேட்டுப்போட்டு மாத்தி எழுதுறாங்கள். இதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு.”

ஜனவரி 22

ஃபிராவ் பிரிங்மனிடம் போனேன். என் மேலாளர். கெட்ட மனுஷி இல்லை. எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அதற்குத்தானே பெட்டி போட்டிருக்கிறோம்?”

பெட்டி! நாற்பத்துநான்கு வீட்டுச் சனம் பெட்டியை விட்டிட்டு ஓரத்திலை எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்காதா?

பெப்ரவரி 4, ஞாயிறு

எனக்கு நானே ஒரு கேள்வி. அங்கே வாழ்வது சுகமா? இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் மஞ்சள் கலனில் படகேறி வரும். கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. மின்சாரம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை. தாதியிடம் போக இரண்டு மணிநேரப் படகு. ஹஸ்னாவின் பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் காத்திருந்தோம். அந்தக் குழந்தையின் நெற்றியில் நானும் ஈரத்துணி வைத்தேன். பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்படியென்றால் மாறினால் என்ன? கடற்பாசி வளர்க்கும் கயிறுகள் வீட்டுக்கு முன்னாலேயே மிதக்கின்றன. காற்றுத் திரும்பினால் உடனே இறங்கி இழுக்க வேண்டும். நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் படுத்திருப்பவருக்குக் காற்றுத் திரும்பியது எப்படித் தெரியும்? விடிந்து வரும்போது வெறுங்கயிறுதான் இருக்கும்.

ஹஸ்னா என்னிடம் கேட்டவை இரண்டு: ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தாதி. படிவத்தில் முப்பது கேள்வி. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்விகூட இல்லை.

பெப்ரவரி 9

பதினான்காவது கேள்வியைத் திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிய மூன்றாவது மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.

பெப்ரவரி 23, வெள்ளி

வருகிற வியாழக்கிழமை நிதி தருகிறவர்களோடு கூட்டம். கணினியில் படங்களை மாற்றிக்கொடுக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபிராவ் பிரிங்மன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: “பதினான்காவது கேள்வியைப் பற்றி அங்கே பேசமாட்டீர்கள்தானே?”

நான் சிரித்துக்கொண்டு, “வீர் வேர்டன் ஸேயன்” என்றேன். பார்ப்போம் என்று.

அவரும் சிரித்தார். “நன்றி” என்றார்.

நன்றியா? வீடு வந்து சேரும்வரை ட்ராமில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பயமும் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மார்ச் 1, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டு வீதம் என்ற படம் சுவரில் விழுந்ததும், நிதி தரும் பக்கத்திலிருந்து ஒரு நரைத்த அம்மா கேட்டார்: “இவ்வளவு சம்மதம் நான் எங்கேயும் கண்டதில்லை. எப்படி?”

நான் எழும்பினேன். “பன்னிரண்டு வீடுதான் சம்மதம். இருபது வீதம். மற்ற நாற்பத்துநான்கு வீடும் ‘பார்ப்போம்’ என்றது. அவர்கள் ஊரில் அது மரியாதையான ‘இல்லை’.”

“அது உங்கள் ஊகம்” என்றார் ஃபிராவ் பிரிங்மன்.

“போன வெள்ளிக்கிழமை, இதைப் பேசமாட்டீர்கள்தானே என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன்?”

அவர் கோப்பைப் புரட்டினார்.

“பார்ப்போம் என்றேன். நீங்கள் ஆம் என்று எழுதிக்கொண்டீர்கள்.”

யாரோ இருமினார்கள். நரைத்த அம்மா பேனையை மூடி வைத்துவிட்டார். ஊருக்கு ஆள் போய்த் திரும்பக் கேட்கும்வரை கையெழுத்து இல்லை.

மார்ச் 2

மாத முடிவோடு என் ஒப்பந்தம் முடிகிறதாம், நீட்டமாட்டார்களாம். சரி. நாங்கள் என்ன, வேலை இல்லாமல் இருந்து பழகாத ஆக்களா?

ஜூன் 10, ஞாயிறு

தொலைபேசி அட்டை வாங்கி இபு ஹஸ்னாவுக்கு அழைப்பு எடுத்தேன். இறங்குதுறையின் நுனியில் மட்டும்தான் அங்கே சமிக்ஞை கிடைக்கும்; காற்று இரைச்சலுக்கு மேலால் கத்தினார். அவர் சொன்னதை எங்கட தமிழிலேயே எழுதுகிறேன்.

“திரும்ப வந்து கேட்டவை, மகள். இந்த முறை நான் ‘தீடாக்’ எண்டு சொல்லிப்போட்டன்!” தீடாக் என்றால் இல்லை. “விருந்தாளியின்ரை முகத்துக்கு நேரை! வெக்கத்திலை எனக்கு வேர்த்துப்போச்சு. பிறகு கோப்பி ஊத்தி, வாழைப்பழம் பொரிச்சுக் குடுத்தனாங்கள்.”

“மற்றவை?”

“நாப்பத்தொன்பது வீடும் தீடாக்.”

அழுதேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழாயைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன்.

“கேட்டம், மகள். தாதியையும் கேட்டம்.”

“என்ன சொன்னவை?”

“லிஹாத் நாந்தி எண்டவை.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அட்டையில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

“விடாதேங்கோ, இபு” என்றேன். “நாளைக்கு ஒரு படிவம் அடிச்சு அனுப்புறன். குழாய் வருமோ, தாதி வருமோ எண்டு கேப்பம். ஆம், இல்லை எண்டு இரண்டே இரண்டு பெட்டி. ஓரத்திலை எழுத இடம் விடமாட்டன்.”