ஓடக்காரன் மார்க்

1961 மார்ச் 9

இன்று பிரஸ்ஸில் முழுக்கக் கிளிதான். தீப்பெட்டி லேபிளுக்காக ஒரே கிளியை அச்சுக்கல்லில் பதினாறு தடவை எழுதினேன். பதினாறும் ஒரே கிளியாக இருக்க வேண்டுமாம். கண் எரிகிறது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நானே விளையாட்டுக்கு உண்டாக்கிய ஏழாத்து நாட்டு நோட்டை எடுத்தேன். உப்பு ஓடங்கள் மூன்று நாளாக நாலாம் ஆற்றில் நிற்கின்றன. தாயக்கட்டையை உருட்டினேன். ரெண்டு. காற்று சாதகம். ஓடங்கள் தீயில்லா ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அடுப்பும் கிடையாது, விளக்கும் கிடையாது, பாறையில் மாவைத் தட்டி வெயிலில் சுட்டுத் தின்பார்கள். சிவகாசியில் இருப்பவனுக்குக் கற்பனையில் வேறு என்ன வரும்?

பொன்னுத்தங்கம் எட்டிப் பார்த்தாள். "உங்க நாட்டுல ஏழு ஆறு ஓடுதாக்கும். இங்கன குடத்துல ஒரு சொட்டு இல்ல." என் பெண்டாட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மார்ச் 12

பழைய நோட்டு கிழிந்துவிட்டது. விதிகளைப் புது நோட்டில் நகல் எடுத்தேன்.

எதையும் நான் முடிவு செய்யக்கூடாது. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கட்டையை உருட்ட வேண்டும். ரெண்டு என்றால் காற்று, நடக்கும். மூணு என்றால் தடை. வெறும் முகம் என்றால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியது. ஒண்ணு, அதாவது தாயம், கோட்டைக் கதவுக்கு மட்டும். நாட்டை விட்டுப் போனவன் திரும்பி வர அமாவாசைக்கு அமாவாசை ஒரே ஒரு போடு. தாயம் விழுந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் அடுத்த அமாவாசை. மறுபோடு கிடையாது.

நான் எழுதிய விதிதான். பெரிய சட்டம் படித்தவன் மாதிரி!

மார்ச் 16

அமாவாசை. நாட்டை விட்டுப் போய்க் கோட்டைக்கு வெளியே நிற்கிற ஓடக்காரனுக்காகப் போட்டேன். மூணு.

ஏப்ரல் 2

இன்று தம்பி வெள்ளைத்துரைக்கு இருபத்திரண்டு வயது முடிகிறது. எங்கே இருக்கிறானோ.

இதை ஒருதடவையாவது எழுதி வைக்க வேண்டும். அப்பா அம்மா போன பிறகு காரியாபட்டியிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஏழாத்து நாட்டைத் தனியாகத்தான் ஆரம்பித்தேன். அவன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு ஆளு குடுண்ணே" என்றான். ஓடக்காரனைக் கொடுத்தேன். கடலுக்குப் போன ஓடக்காரன் நாலு அமாவாசையாகக் கோட்டைக்கு வெளியே நின்றான். ஐந்தாம் அமாவாசைக்கு வெறும் முகம் விழுந்தது. இவன் நான் பார்க்கவில்லை என்று நினைத்துப் பெருவிரலால் கட்டையைப் புரட்டி ஒண்ணு வைத்தான்.

அறைந்துவிட்டேன். பத்தொன்பது வயசுப் பிள்ளையை, பொன்னுத்தங்கம் பார்க்க. அதோடு விட்டேனா? "கள்ளப்பயலே, தாயம் விழாம இனி இந்த வாசப்படிய மிதிக்காதலே" என்றேன். ஒரு விளையாட்டுக்கு. விடிந்து பார்த்தால் பாய் காலி. தாயக்கட்டை ஜோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தான். வேறு எதையும் தொடவில்லை, மாற்றுச் சட்டை கூட கொடியில் கிடந்தது.

மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஒற்றைக் கட்டையோடு ஆடிக்கொண்டிருக்கிறேன்.

மே 20

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஓடக்காரனைப் படம் போட்டிருந்தேன். துடுப்பு, முண்டாசு, தம்பியின் முகம், இடது புருவத்தில் அவனுக்கு உள்ள வடு. முதலாளி என் தோளுக்கு மேல் பார்த்துவிட்டார். "கல்கத்தா தீப்பெட்டி ஆர்டருக்கு இதையே போட்ருவோம். ஓடக்காரன் மார்க். நல்லாருக்கே." இது விற்கிற படம் இல்லை என்றேன். "பிரஸ் காகிதத்துல போட்டதுதான?" என்றார். படத்தைக் கொடுத்துவிட்டேன்.

என் நாட்டு ஆளை வைத்து எவனெவனோ பீடி பற்ற வைக்கப் போகிறான்.

மே 24

முட்டாள். முட்டாள். கல்லில் எதையும் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும், அப்போதுதான் அச்சில் நேராக வரும். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. எழுத்தைத் திருப்பினேன், துடுப்பைத் திருப்பினேன். அவன் முகத்துக்கு வந்ததும் கை தன்பாட்டுக்கு, எதிரே உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துப் போடுகிற மாதிரி நேராகவே போட்டுவிட்டது. புரூப்பில் வடு வலது புருவத்துக்குப் போய்விட்டது. திருத்துகிறேன் என்று கெஞ்சினேன். "வடு அந்தப் பக்கம் இருந்தா குச்சி எரியாதாக்கும்?" என்கிறார் முதலாளி.

ஜூன் 3

முதல் லோடு இன்று விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போனது.

பத்து நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பொன்னுத்தங்கம் லேபிளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி தன் மூஞ்சியக் கண்ணாடியிலதான பாத்திருக்கும்? கண்ணாடியில வடு இந்தப் பக்கந்தான தெரியும். அதுக்கு அடையாளம் தெரியும், பாருங்க."

இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை! லோடு எத்தனை ஊருக்குப் போகும்! கடிதம் போட விலாசம் தெரியாதவனுக்கு இது கடிதம்தானே? லேபிளைப் பார்த்தால் அண்ணன் தேடுகிறான் என்று புரியாதா?

ஜூன் 13

ரெண்டு. இந்த அமாவாசைக்கும் காற்று இருக்கிறது, கதவு இல்லை.

ஆகஸ்ட் 11

வெறும் முகம்.

நவம்பர் 3

விருதுநகர் போய் முகம்மது நூகுவைப் பார்த்தேன். வற்றல் வியாபாரத்துக்கு வருஷத்தில் இரண்டு தடவை கல்கத்தா போகிறவர். லேபிளைக் கொடுத்தேன். தம்பி கதையையும் ஒற்றைக் கட்டையையும் சொன்னேன். "கடல்ல ஊசியத் தேடச் சொல்றியே நல்லசிவம்" என்றார். ஆனாலும் லேபிளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

1962 பிப்ரவரி 5

தை அமாவாசை. எட்டுக் கிரகம் ஒன்றுசேர்ந்து உலகம் அழியப் போகிறதென்று பிரஸ்ஸில் பாதிப் பேர் வரவில்லை. நானும் போகவில்லை. காலையில் குளித்ததும் போட்டேன்.

தாயம்.

மூன்றரை வருஷத்தில் முதல் தாயம். பொன்னுத்தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கேலி பண்ணவில்லை. சோறு கூடுதலாக ஒரு படி வைத்தாள்.

பிப்ரவரி 9

நாலு நாளாக ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். எல்லா வண்டியும் வருது. அவன் வரல. உலகமும் அழியல.

"இம்புட்டு நாள் கட்டைய உருட்டுன நேரத்துக்கு ஒருக்கா தேடிப் போயிருக்கலாம்ல?" என்றாள் பொன்னுத்தங்கம். எங்கேன்னு போக என்று சத்தம் போட்டேன். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அறைந்தவன் தேடிப் போவதா என்று முதல் வருஷம் வீம்பாக இருந்தேன். அந்த வருஷம் போயிருந்தால் மதுரையைத் தாண்டும் முன்பே அகப்பட்டிருப்பான்.

ஜூலை 1

மூணு. போடுவதை விடவும் முடியவில்லை.

அக்டோபர் 19

நூகு வந்தார். கல்கத்தாவிலிருந்து நேராக, வீட்டுக்குக் கூடப் போகாமல். அந்த முகத்தைப் பார்த்ததுமே பொன்னுத்தங்கம் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

அங்கே நம் பக்கத்து ஆள் ஒருவர் மெஸ் நடத்துகிறார். நூகு லேபிளைக் காட்டியதும் அவர் உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியை எடுத்து வந்தாராம். வெள்ளைத்துரை அங்கே இரண்டு வருஷம் பரிமாறுகிற வேலை பார்த்திருக்கிறான். போன மாதம் வாந்திபேதி. மூன்று நாள். உயிர் போனதும் அங்கேயே எரித்துவிட்டார்கள்.

"ஊருக்குப் போயேன்டான்னு மெஸ்காரர் சொல்லும்போதெல்லாம், இன்னும் விழல அண்ணாச்சின்னு சொல்வானாம்" என்றார் நூகு. "என்ன விழலைன்னு அங்க யாருக்கும் வெளங்கல. உனக்கு வெளங்குதா?"

எனக்கு வெளங்குது. ஐயா, எனக்கு வெளங்குது.

அக்டோபர் 20

பிரஸ்ஸுக்குப் போகவில்லை.

நூகு கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் ஒரு வேட்டி, ஒரு சீப்பு, அவன் கொண்டுபோன கட்டை, ஓடக்காரன் லேபிள். லேபிளைத் தண்ணீரில் நனைத்துக் கிழியாமல் உரித்து எடுத்திருக்கிறான். பின்பக்கம் பென்சிலில் வரிசையாகப் போட்டிருக்கிறான்: 3, 2, 0, 3, 2, 2, 0, 3, 0, 2, 3.

பதினோரு போடு. அமாவாசைக்கு ஒன்றாகப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். போன வருஷம் தீபாவளி அமாவாசையில் ஆரம்பித்திருக்கிறது. லேபிள் அப்போதுதான் அவன் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டான், அண்ணன் கூப்பிடுகிறான் என்று தெரிந்துகொண்டான். வரத்தான் நினைத்திருக்கிறான். தை அமாவாசைக்கு எனக்குத் தாயம் விழுந்தது. அவனுக்கு மூணு.

நாலு முகம் உள்ள கட்டை. பதினோரு தரத்தில் ஒருதரம் கூடவா விழாது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? யார் பார்க்கப் போகிறார்கள்? லேசாப் புரட்டி வச்சிட்டு வண்டி ஏறி வரவேண்டியதுதானலே. நான் என்ன கேக்கவா போறேன்? பொய்யாட்டம் ஆடத்தானே ஒனக்குத் தெரியும்?

கள்ளன்னு சொன்னேனே. என் தம்பியக் கள்ளன்னு சொன்னேனே.

அக்டோபர் 23

பொன்னுத்தங்கம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். கோபம் இல்லை என்கிறாள். அவளும் அவனுக்கு ஆறு வருஷம் சோறு போட்டவள்தானே.

அக்டோபர் 28

அமாவாசை. நேற்றைய தீபாவளிக் காகிதம் தெருவெல்லாம் கிடக்கிறது. நாங்கள் கொண்டாடவில்லை.

சாயங்காலம் நோட்டைப் பிரித்தேன். பொன்னுத்தங்கம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள், அவன் உட்காருகிற இடத்தில். என் கட்டையை எடுக்கவில்லை. அவன் கொண்டுபோய்த் திரும்பி வந்த கட்டையை உருட்டினேன்.

மூணு.

பெருவிரலால் புரட்டி ஒண்ணு வைத்தேன். அவள் பார்த்தாள்.

நோட்டில் எழுதினேன்: தாயம். வெள்ளைத்துரை வீட்டுக்கு வந்துவிட்டான்.