தட்டான் சட்டை

இன்று காலை குட்டைக்கரைக் கோரைப்புல்லில் ஒரு தட்டான் உரித்துப் போட்ட சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை, முதுகு மட்டும் பிளந்திருந்தது. விரலில் எடுத்ததும் உன் ஞாபகம் வந்து, நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னமும் எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் வாங்கித் தருகிறாய், போடி.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், செங்கல்லுக்கு மண் எடுத்த இந்தக் குட்டையைத் தூர்க்கவேண்டும் என்று சுகாதாரத் துரை வந்த நாள் நினைவிருக்கிறதா? கரையெல்லாம் பூச்சி செத்துக் கிடக்கிறது, தண்ணீர் கெட்டுவிட்டது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். தூர்த்துவிட்டால் நம் பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் ஆற்றுக்கு அல்லவா நடக்கவேண்டும்? ஆண்கள் நாங்கள் கைகட்டி நின்றோம். நானும்தான், மறைப்பானேன்.

நீதான் ஈரப் புடவையோடு முன்னால் போனாய். "செத்த பூச்சி இல்லீங்க, தட்டான் சட்டை!" என்றாய்.

துரைக்கு மொழிபெயர்க்க வந்த ஆபீஸ் குமாஸ்தா, நம் கிராணியார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஊரில் அந்தப் பூச்சிக்குத் தும்பி என்று பேர். தட்டான் என்றால் நகை செய்கிறவர். சட்டை கரையில், ஆள் குட்டைக்குள் என்று நினைத்துவிட்டார் மனிதர். "ஐயோ, எந்தத் தட்டான்? எப்ப விழுந்தவர்?" என்று பதறி, துரையிடம் என்ன சொன்னாரோ, துரை கயிறு கொண்டுவரச் சொன்னார். ஆளைத் தேட இரண்டு பேர் குட்டையில் குதித்தே விட்டார்கள்!

லயமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஒரு சேம்பிலை நிறையச் சட்டைகளைப் பொறுக்கி வந்து துரை மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"பாருங்க தொரே, முதுகு வெடிச்சிருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. தண்ணிக்குள்ள வளந்து, புல்லைப் புடிச்சு ஏறி வந்து, கழட்டிப் போட்டுட்டுப் பறந்திருச்சு. கெட்ட தண்ணியில இது பொழைக்குமா? கொசுப்புழுவத் தின்னுல்ல வளருது!"

"ஓ, தும்பியோ!" என்று தலையில் அடித்துக்கொண்ட கிராணியார், இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னார். துரை ஒரு சட்டையை எடுத்து ஊதிப் பார்த்தார். அது பறந்துபோய்க் கிராணியார் கோட்டில் ஒட்டிக்கொண்டது. குட்டை தப்பியது.

அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் என்ன சொன்னேன்? "சோத்தப் போடு" என்றேன். நெஞ்சு கொள்ளாத பெருமைடி எனக்கு. அதைச் சொல்லத் தெரியாத மடையன் நான்.

இப்போது லயத்தில் பாதிப் பேர் புதியவர்கள், உன்னைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களுக்கு இது 'அக்கா குட்டை'. நேற்று துணி மூட்டையோடு வந்த ஒரு புதுப்பெண், "எந்த அக்காண்ணே?" என்று கேட்டாள்.

"என் பொண்டாட்டிம்மா" என்றேன், லயம் முழுக்கக் கேட்கும்படி.