தம்பியின் முதுகுப் படம்

மார்ச் 4
காலையில் ஸ்கேனுக்கு இரண்டு தலை, மூன்று முதுகு. ஒருவர் ஸ்கேன் இரைச்சலிலும் குறட்டை விட்டார், கொடுத்து வைத்தவர். நான்காவது முதுகு தம்பியுடையது. சொந்தக்காரர்களுக்கு நாங்களே எடுக்கக்கூடாது. மற்ற டெக்னீஷியன் விடுப்பில் இருந்ததால் எடுத்துவிட்டேன். பெயிண்டர்தானே, ஏணியில் ஏறி இறங்கி வந்த வலி என்று நினைத்திருந்தேன்.

நடுமுதுகில், தண்டுவடத்துக்குள்ளேயே கட்டி.

"என்னக்கா தெரியுது?" என்றான். "ஒண்ணுமில்லடா. டாக்டர் பாத்துச் சொல்வாரு."

டாக்டர் சொல்வார் என்பதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். எல்லோரிடமும் அதைத்தானே சொல்கிறேன்?

மார்ச் 5
ரிப்போர்ட் எழுதும் டாக்டர் ஊரில் இல்லை.

மார்ச் 7
தம்பி மனைவி போன் செய்தாள். "நீங்களே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்கன்னு சாரத்துல ஏறிட்டாரு அண்ணி. மூணாவது மாடி."

கால் மரத்துப்போனால்? விழுந்தால்? அவன் போனை எடுக்கவில்லை. முடிவை நாங்கள் சொல்லக்கூடாது என்ற விதியாவது மண்ணாவது என்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். கீழே நின்று கத்தி, இறங்க வைத்து, கட்டி இருப்பதைச் சொன்னேன்.

"அப்போ அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சே மூணு நாளா ஏத்திவிட்டு வேடிக்கை பாத்திருக்கே."

பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு நடந்தான். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான். இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

மார்ச் 19
ஆபரேஷன் முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 2
இன்னும் பேசவில்லை. நான்தான் பாவி.

ஜூன் 20
கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க மறு ஸ்கேன். "அக்கா எடுக்க வேணாம்" என்று மற்ற டெக்னீஷியனிடம் சொல்லியிருக்கிறான். சுருக்கென்றது. ஆனால் நியாயம்தான்.

உள்ளே போய்த் திரையை எட்டிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். போகவில்லை. உள்ளே உலோகம் ஆகாதென்று மற்ற டெக்னீஷியன் வாங்கிக் கொடுத்த அவனுடைய பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொரு வருட வேலையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. இரைச்சல் அங்கேயும் கேட்கிறது. அது நின்றால் இன்னும் பயமாக இருக்கிறது.

கைத்தடியோடு வந்து எதிரே நின்றான்.

"பாத்தியா?"

"பாக்கலடா. எனக்குத் தெரியாது."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி, தள்ளி உக்காரு."

ரிப்போர்ட் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.