நாலே கொசுவம்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் வெயில். சாயங்காலம் நாலு தூறல். கடையில் மானம் போனது, வழக்கம்போல.

நெல்லூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க ஒரு கூட்டம். அரக்குப் புடவையைக் கட்டிக் காட்டச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருட சேல்ஸ்மேன், கட்டிக் காட்டுவதில் நான்தான் சீனியர். பேன்ட் சட்டைக்கு மேலேயே சுற்றினேன். மற்ற பையன்களுக்கு ஏழு கொசுவம் வரும். என் இடுப்பைச் சுற்றி வந்ததில் மிச்சம் நாலே கொசுவம். கல்யாணப் பெண்ணின் அத்தை என் வயிற்றைப் பார்த்து, தெலுங்கில் "என்னோ நெல?" என்றாள். எத்தனையாவது மாசம் என்று கேட்கிறாள். "பதினஞ்சு வருஷமா ஒன்பதாம் மாசம்தாம்மா" என்றேன். கூட்டமே சிரித்தது. மூன்று புடவை எடுத்தார்கள். முதலாளி முதுகில் தட்டினார்.

இந்த டைரி நகைக்கடையில் ஓசியில் கிடைத்தது. முதல் பத்துப் பக்கம் வீட்டுக்காரி செல்வி எழுதிய பிளவுஸ் அளவுகள். வீட்டிலேயே தைக்கிறாள். மிச்சம் எனக்கு.

ஏன் எழுதுகிறேன்: நானும் மகள் யாழினியும் டிவியில் ஒரு நாடகம் பார்க்கிறோம். மலையாள நாடகம், தமிழில் பேசவைத்திருக்கிறார்கள். குண்டான ஒரு பெண், பதினேழு வயசு. சிரிப்பு பாதி, அழுகை பாதி. நேற்று அதில் மனசு டாக்டர் அவளுடைய அப்பாவிடம் சொன்னார்: மகள் என்ன சாப்பிட்டாள், என்ன சொன்னாள், கேட்காதீர்கள், ஒரு வாரம் எழுதிவையுங்கள். நான் பத்தாவது பாஸ். எழுத வரும்.

யாழினிக்குப் பதினாறு, பிளஸ் ஒன். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசியில்லை.

ஜூலை 9, புதன்

யா. காலை: அரை இட்லி. மதியம்: டிபன் பாக்ஸ் காலி. கழுவித் துடைத்து வந்திருக்கிறது. என் மகள் பாத்திரம் கழுவுகிற ஜாதி இல்லை. ராத்திரி: ரெண்டு வாய் ரசம் சாதம்.

பைக்குக்குக் காற்று அடிக்க வேண்டும்.

தெருமுனை நாய் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. யார் போடுகிறார்களோ.

ஜூலை 10, வியாழன்

யார் போடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

காலை எட்டேகால். யா. பின்னாலேயே போனேன். குனிந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். நாலு இட்லியும் நாய்க்கு. நான் கரண்டுக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். என்னை மறைக்கிற கம்பத்தை இன்னும் நடவில்லை. நல்லவேளை, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வியிடம் சொன்னேன். முசரவாக்கத்து அம்மா ஒருத்திக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அளவை முடித்து அந்த அம்மாவை அனுப்பிவைத்தாள். அப்புறம் டேப்பைக் கீழே வைத்தாள். "போன வாரம்தாங்க அவ யூனிஃபார்ம ரெண்டு விரல் உள்ள புடிச்சேன். எளைக்கிறா, நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

தையல் மெஷின் பக்கத்துக் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தினமும் காலையில் அப்படித்தான் இருக்கிறதாம். பூனை தட்டிவிடுகிறது என்று நினைத்தாளாம். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

ஜூலை 11, வெள்ளி

யா. காலை: ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை விரதமாம். எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை. எழுத மட்டும்தான் உத்தரவு. ராத்திரி: ஒரு தோசை.

நாடகத்தில் அந்தப் பெண் ஒரு தந்திரம் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் கேலி செய்வதற்குள் தன்னைத்தானே கேலி செய்துவிடுவாள். ஸ்கூல் பெஞ்சில் உட்காரும்போது, "எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கங்க" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பினால் யா. டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. கடையில் கூட்டம், ஆனியின் கடைசி முகூர்த்தங்கள்.

இன்று நாடகத்தில் டாக்டர் அந்தப் பெண்ணைக் கேட்டார், இது எந்த வார்த்தையில் ஆரம்பித்தது என்று. ஒரு வார்த்தைக்காக யாராவது சாப்பிடாமல் இருப்பார்களா என்று நானும் நாடகத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுவைத்தேன்.

யா. டிவியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீதாம்பா சொன்ன. ஸ்கூல் தொறக்கறதுக்கு மொத நாள், போன்ல. 'உடம்பு ரொம்ப கனம், எவனும் எடுக்க மாட்டான், இன்னும் ரெண்டு வருஷம் நம்மகிட்டதான் கெடக்கும்'னு."

ரிமோட்டைத் தேடி டிவி சத்தத்தைக் குறைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பச்சைக் கட்டம் போட்ட புடவை. மேனேஜரிடம் பேசினேன். புடவைக்கு உடம்பு, கரை, முந்தி என்று மூன்று உண்டு. உடம்பு கனமாக நெய்துவிட்டார்கள், விலை போகாது என்றேன். புடவைக் கடைக்காரன் மகளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

அப்பாடா என்று சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

புடவைக் கதையை முழுக்கச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். "சரி, அது புடவைதான். ஆனா ஒரு மாசமா அது நான்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். புடவைன்னு சொன்னதும் போகலப்பா."

விளம்பரம் வந்ததும்: "நீ உன்ன வெச்சு சிரிக்கறப்ப எல்லாரும் என்னையும் ஒரு தடவ பாக்கறாங்க. நான் உன் ஜாடதானே."

அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

நாடகத்தில் வருகிற மாதிரி ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வருகிறேன் என்றாள். ஆனால் நான் வெளியில்தான் உட்கார வேண்டுமாம்.

ஜூலை 15, செவ்வாய்

லீவு. பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் பதினெட்டு. யா. உள்ளே, நானும் செல்வியும் பெஞ்சில். முக்கால் மணி நேரம். எதிர்ச் சுவரில் கொசு ஒழிப்பு போஸ்டர், ஐந்து தடவை படித்தேன்.

அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் தங்கச்சி வயசு இருக்கும். இது வீம்பு இல்லை, பயம் என்றார். வாரம் ஒரு தடவை வர வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டில் உடம்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம், நல்லதாகக்கூட. தலையாட்டினேன். "உங்க உடம்பையும் சேர்த்துத்தான் சார்." யா. போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

வரும் வழியில் ஆட்டோவில் எனக்குப் பேச எதுவுமே இல்லை. இத்தனை வருடமாக என் மொத்தச் சரக்கும் தொப்பைதான் போலிருக்கிறது.

கண்ணாடி இன்னும் சுவரைப் பார்த்துத்தான். யாரும் திருப்பவில்லை. செல்வியிடம் வருகிறவர்களுக்குச் சின்னக் கண்ணாடி.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலை ஐந்துக்கே. கடையில் ஈ.

மதியம் ரெண்டு அம்மாக்கள், கட்டிக் காட்டச் சொன்னார்கள். சுற்றினேன். ஒருத்தி மற்றவளை இடித்தாள், என்ன வருகிறது என்று தெரிந்தது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். பேசாமல் நாலு கொசுவத்தையும் மடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எதுவும் எடுக்கவுமில்லை. ஆடி மாசம், அதனாலும் இருக்கலாம்.

தெருமுனை நாய் இன்று, யா.வை ஸ்கூலுக்கு ஏற்றிப் போகிற என் பைக்கை முறைத்தது.

எட்டு மணிக்கு நாடகத்தின் கடைசிப் பாகம். மூன்று பேரும் தட்டோடு உட்கார்ந்தோம். தட்டை எட்டிப் பார்க்கவில்லை. காதில் விழுந்த அளவில், யா. ஒன்றரைத் தோசை.

முடிந்ததும் டிவியை நிறுத்தினாள். இன்று கடையில் யாருக்காவது கட்டிக் காட்டினாயா என்று கேட்டாள். காட்டினேன் என்றேன்.

"சிரிச்சாங்களா?"

"இல்ல கண்ணு."

"சிரிக்கறப்ப உனக்கு ஒண்ணுமே இருக்காதாப்பா?"

"பழகிப்போச்சும்மா" என்றேன்.

பழகவில்லை.