பாப்பா ஓடி வந்தாள்

மச்சானுக்கு,

விடுப்பில் வந்த அன்பழகன் அண்ணன் துபாய்க்குத் திரும்புகிறார். நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடுவீர்கள்.

"கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா, அப்பன மறந்துட்டாளா?" என்று போன மாதம் கேட்டீர்களே. அவள் மறக்கவில்லை மச்சான். அவளுக்குக் கேட்கவில்லை.

சளி பிடிக்கும்போதெல்லாம் காதும் வலித்திருக்கிறது. தலைக்கு ஊற்றும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நான் எண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா திட்டினார். "இனிமே காதுல எண்ணெய் ஊத்தாதீங்கம்மா. செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு இது சகஜம்தான், சரியாயிடும்" என்றார்.

நல்ல சகஜம்! ஒவ்வொரு தடவையும் மருந்து, டெஸ்ட், காரைக்காலுக்குப் பஸ், நான் மீன் விற்கப் போகாத நாள்.

திருநள்ளாற்றில் வைக்க இருந்த காதுகுத்தை நீங்கள் வந்தபிறகு பார்த்துக்கொள்வோம். என் தம்பி அவளுக்கு எடுத்துக் கொடுத்த தோட்டைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். காதுக்கென்று வந்தது காதுக்குத்தான் போயிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நேற்று நீங்கள் பேசியபோது போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு மீன் அலசிக்கொண்டிருந்தேன். நீங்கள் "பாப்பா" என்றதும் வாசலிலிருந்து ஓடி வந்தாளே, நான்தான் அவளைக் கூப்பிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா