போதும் என்ற கிழவர்

ஈஸ்ட் ஹாம்
மாசி 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

இப்போது ஐஸ் ஹொக்கி மண்டபமொன்றில் பரிமாறுகிறேன். காசுக்காரர் மேல்மாடியில், மெத்தைக் கதிரைகளில் இருந்து ஆட்டம் பார்த்தபடி சாப்பிடுவார்கள். சனிக்கிழமை ஒரு கிழவர் கோழி போதும் என்றார். வெட்கத்தில் சொல்கிறாராக்கும் என்று, நம் வீட்டைப்போல இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டேன். அவர் முகம் சிவந்து மனேஜரைக் கூப்பிட்டார். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

கூட வேலை செய்யும் குலசேகரம் அண்ணை சிரித்தார். "இஞ்சை போதுமெண்டா போதும்தான் தம்பி."

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். சோறு போடட்டுமா என்று கேட்டார்கள். பழக்கத்தில் வேண்டாம் என்றேன். சட்டியை மூடிவிட்டார்கள்.

யாராவது லண்டன் வந்தால் உங்கள் மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது.

மகன்,
பாலேந்திரா